பூட்டுக்கும் பொட்டு

புரட்டாசி முதிர்ந்துகொண்டிருந்தது. கார்காலம் என்று முன்னோர் வகுத்த இரு திங்களில் பின்னது அது. ஆயினும் அவ்வாண்டு காருக்கு உரிய கருமை வானில் தங்கியதேயன்றி நிலத்தில் இறங்கவில்லை. கடற்புறத்தில் எழுந்த முகில்கள் பாகூர் ஏரிக்கு மேலே வந்து நின்று, ஏதோ கேட்க வந்துவிட்டுக் கேளாமலே எழுந்துபோகும் உறவினரைப் போல மேற்கே நகர்ந்தன. நட்ட வயல்களில் நீர் வெதுவெதுத்துக் கிடந்தது. கரும்புத் தோகைகள் ஒன்றோடொன்று உரசவும் மனமின்றி நின்றன. இடி முழங்கினால் அதன் பின்னே வெயில் அடித்தது. மழை வரும் என்று நெல்லை உள்ளே வாரியவரும் ஏமாந்தனர். வராது என்று வெளியே விட்டவரும் ஏமாந்தனர். வானமே சொல் தவறும் அத்தகைய பருவத்தில் மனிதர் ஒருவரையொருவர் நம்பாமற்போவது பெரிய வியப்பன்று.

செலியமேட்டில் பலராமன் தன் தமக்கையை நம்பாமற்போனதும் அந்தப் புரட்டாசியில்தான்.

பலராமன் பிரெஞ்சுப் படையில் சொல்தா என்னும் சிப்பாயாக ஊழியம் செய்த ஒருவரின் மகன். எழுபதுகளின் தொடக்கத்தில் பாரீஸ் நகருக்குப் படிக்கச் சென்றவன், படிப்பைப் பாதியில் விட்டு ராக் இசைக்குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கலானான். தலைமுடி தோளைத் தொட்டது. பெயர் சுருங்கி 'பாலா' ஆயிற்று. அங்கேதான் அந்தப் பெட்டி அவனுக்கு வாய்த்தது. பெட்டி என்றால் இரண்டு மரப்பேழைகள். அவற்றின் முகமெங்கும் திருகுகளும் துளைகளும். துளைக்குத் துளை செருகிய வண்ண வடங்கள். வடத்தை மாற்றிச் செருகினால் ஒலியின் உருவே மாறும். திருகு ஒரு நெல்லளவு நகர்ந்தால் சுருதி மாறும். நேற்று அமைத்த ஒலியை இன்று அது நினைவில் வைத்திராது. ஒவ்வொரு நாளும் அதை முதல் எழுத்திலிருந்து எழுப்ப வேண்டும். குழுவினர் புதிய, கைக்கு அடக்கமான கருவிகளை நாடியபோது ஒருவரும் வேண்டாமென்று விட்ட அந்தப் பேழைகளைப் பலராமன் கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுவந்தான். சிந்தசைசர் என்று அவன் சொல்லிக்கொடுத்தும் ஊர் அதைப் 'பொட்டி' என்றே சொன்னது.

பெட்டியோடு கூடவே ஓர் ஐயமும் கப்பலேறி வந்திருந்தது. ஒருமுறை பெருங்கூட்டத்தின் முன்னே அவன் கட்டையில் விரல் வைத்த மாத்திரத்தில் ஒலி கோணலாக அலறியது. கூட்டம் சிரித்தது. உடன் வாசித்த கித்தார்க்காரன் விளையாட்டாகத் திருகுகளைத் திருப்பி வைத்திருந்தான் என்பது பின்னர்தான் தெரிந்தது. அன்றுமுதல் அந்தப் பேழையின் அருகே எந்தக் கை சென்றாலும் பலராமனின் நெஞ்சு துணுக்குறும். காதலித்தவளை மணந்த பின்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் கணவனைப் போலத்தான் அவன் அதனோடு வாழ்ந்தான். மென்துணியால் அதைத் துடைப்பான், சன்னலைத் திறக்கமாட்டான், தூசியைக்கூட வேற்றாள் என்றே கொண்டான்.

இப்போது அவனுக்கு ஒரு நல்வாய்ப்பும் வந்திருந்தது. பழைய குழுவினர் தங்கள் அடுத்த இசைத்தட்டுக்கு அவனிடமிருந்து ஒரு நீண்ட தனிவாசிப்பைக் கேட்டிருந்தனர். ஆயுத பூசை கழிந்ததும் புதுச்சேரியிலிருந்து நண்பன் ரஷீத் ஒலிப்பதிவுக் கருவியோடு வருவதாக ஏற்பாடு. அதற்குள் பெட்டி சுருதியில் நிற்க வேண்டும்.

அதுதான் நிற்கவில்லை.

முற்பகலில் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, அது சூடேறும்படி அடிச்சுரம் ஒன்றை மெல்ல ஒலிக்கவிட்டு, சுருதி காட்டும் எஃகு இசைக்கவையைத் தட்டிக் காதில் வைத்துச் சுருதி சேர்ப்பான். சேர்ந்துவிட்டது என்று மனம் குளிரும் வேளையில் அடுத்திருந்த கண்ணையனின் வயலில் நீர் இறைக்கும் மோட்டார் ஓடத் தொடங்கும் ஓசை கேட்கும். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் கொட்டாய்க்குக் குளிக்கப் போவான். திரும்பி வந்து கவையைத் தட்டினால் பெட்டி அரைச் சுருதி இறங்கிக் கிடக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டும் ஏற்றுவான். மாலையில் பார்த்தால் இப்போது அது ஏறி நிற்கும்.

அவன் குளிக்கப் போகும் நேரத்தில் வீட்டில் இருப்பவள் ஒருத்தியே. தமக்கை தனக்கொடி.

தாயில்லாப் பிள்ளையான அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். கணவனை இழந்தவள்; ஒரே மகள் கஸ்தூரியைப் பூரணாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தம்பிக்குச் சோறு வடித்துக்கொண்டு பிறந்த வீட்டில் இருந்தாள். பிரதோசந்தோறும் பாகூர் மூலநாதர் சந்நிதியில் கைத்தாளமிட்டுப் பதிகம் பாடுவாள். பெட்டி முதன்முதலாக ஒலித்த அன்று அவள் அடுக்களையிலிருந்து ஓடிவந்து, "இன்னாடா இது, கொல்லையில மாடு செனைக்குக் கத்துதா?" என்று கேட்டாள். அந்த வாக்கியத்தைப் பலராமன் மறக்கவில்லை. பெட்டியை அவள் வெறுக்கிறாள் என்பதற்கு அதையே முதற்சான்றாக மனத்தில் முடிந்துகொண்டான்.

இரண்டாம் சான்று ஒரு காலையில் அகப்பட்டது. பேழையின் மேல்மரத்தில் மெல்லிய சாம்பற்கீற்று. முகர்ந்து பார்த்தான், திருநீறு. ஆனால் அவளிடம் கேட்கவில்லை. ஐயம் கொண்டவன் கேட்கமாட்டான், காத்திருப்பான்.

அன்று மோட்டார் கொட்டாயில் தொட்டி விளிம்பில் அமர்ந்து கண்ணையன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அடுத்த வயலுக்காரர், நாக்கில் வரப்பு இல்லாதவர்.

"இன்னா பலராமா, உன் பொட்டி இன்னிக்கும் கரண்ட்டு குடிக்குதா?"

"அது ஒரு பல்பு அளவுதாண்ணே குடிக்கும்."

"பல்பு அளவாம்! நீ வர்றதுக்கு முன்ன என் மோட்டாரு யான மாரி தண்ணி தள்ளும்பா. இப்ப பாரு, ஆட்டுக்குட்டி ஒண்ணுக்குப் போற மாரி ஊத்துது."

"அதுலதான் நான் தெனம் குளிக்கிறனா?"

"குளி, குளி. சீமைக்குப் போயி வந்த தலைக்கு இது போதும்."

பலராமன் சிரித்துக்கொண்டே தலையைக் குழாய்க்குக் கீழே நீட்டினான். படியாதவரின் வீண் ஐயம் என்று மனத்துக்குள் இரங்கினான். பிறர் ஐயம் எத்துணைப் பேதைமையாகத் தோன்றுகிறது! தன்னுடையதோ எப்போதும் அறிவாகவே தோன்றும்.

மறுநாள் குளிக்கப் போவதில்லை என்று முடிவு செய்து பெட்டியின் எதிரே பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அன்று பார்த்து வானம் திறந்துகொண்டது. அந்தப் புரட்டாசியின் ஒரே மழை; வயல்கள் நிறைந்து வரப்பு வழிந்தன. எங்கும் மோட்டார் ஓசையில்லை. மழையின் ஓசை மட்டுமே. தனக்கொடி வாசற்படியில் நின்று, "குளிக்கப் போலயாடா?" என்று கேட்டாள். "போல" என்றான். அவள் முகத்தில் ஒரு வாட்டம் தோன்றியதாக அவனுக்குப் பட்டது. நண்பகல் கழிந்தது, மாலை வந்தது. கவையைத் தட்டித் தட்டிப் பார்த்தான். பெட்டி இம்மியும் பிசகவில்லை.

காவல் இருந்த நாளில் களவு இல்லை. இனிச் சான்றுக்கு என்ன குறை?

வெயில் திரும்பியதும் பாகூர்க் கடைத்தெருவுக்கு நடந்தான். மைதீன் பிச்சை இரும்புச் சாமான் கடையின் உள்ளே விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல பூட்டா ஒண்ணு குடுங்க பாய்."

"வூட்ல யாரு யாருபா இருக்கீங்க?"

"நானும் அக்காவும்."

"அப்ப பூட்டு யாருக்கு?"

பலராமன் தடுமாறினான். "எலிக்கு" என்றான்.

"எலிக்குப் பூட்டா! இந்தா பாரு, பொறி தொங்குது. அத எடுத்துகினு போயேன்."

கடையில் நின்றிருந்த இருவர் சிரித்தனர். பலராமன் பூட்டை வாங்கிக்கொண்டான்.

அன்றுமுதல் இசையறையில் பூட்டுத் தொங்கியது. தனக்கொடி அதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பினாள். அதுவும் அவனுக்குக் குற்றமுள்ள நெஞ்சாகவே பட்டது. போதாதென்று தன் நீண்ட முடியில் ஒன்றைப் பிடுங்கிச் சோற்றுப் பருக்கையால் கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே ஒட்டிவிட்டுக் குளிக்கப் போனான். திரும்பி வந்தபோது பூட்டு பூட்டியபடி இருந்தது. முடி ஒட்டியபடி இருந்தது. உள்ளே பெட்டி இறங்கிக் கிடந்தது.

வேறொருவனாக இருந்தால் அங்கே ஐயம் தீர்ந்திருக்கும். பலராமனுக்கோ அது வளர்ந்தது. முடியை மீண்டும் ஒட்டத் தெரியாதவளா அவள்? அப்பளம் ஒட்டாமல் இடுகிற விரல்கள் ஆயிற்றே! மீண்டும் பாகூருக்கு நடந்தான்.

"இதுக்கு மூணாவது சாவி ஏதாச்சும் உண்டா பாய்? எங்க அக்கா வந்து கேட்டாங்களா?"

மைதீன் பிச்சை விசிறியை நிறுத்தினார். "எலி போயி இப்ப அக்காவா? ரெண்டு சாவிதாம்பா. ரெண்டும் உங்கிட்டதான் இருக்குது. வூட்டுக்குப் போ."

அன்றிரவுச் சோற்றின் முன்னே அவனுக்கு வாய் அடங்கவில்லை.

"அக்கா, என் ரூமுக்குள்ள நீ போனியா?"

"போனேன்" என்றாள் தனக்கொடி.

மறுப்பாள் என்று எண்ணியிருந்தவனுக்குக் கை சோற்றிலேயே நின்றது. "எப்ப? எதுக்கு?"

"பூட்டு போடறதுக்கு முன்ன. நீ குளிக்கப் போயிருந்த. அது பாட்டுக்குத் தானா மொணகிகினு இருந்துச்சி. அப்பறம் கொரலு எறங்கி எறங்கிப் போச்சி. காச்சல்ல கெடக்குற புள்ள அழுற மாரி. கேட்டுகினு சும்மா இருக்க முடியலடா. அழுற நெத்திய வெறுசா வுடக்கூடாதுன்னு துன்னூறு வச்சிட்டு வந்தேன்."

"தானா எறங்குச்சா?"

"தானாத்தான்."

"சாமி வந்து எறங்குறதுக்கு அது இன்னா கரகமா? யாரோ தொட்டாத்தான் எறங்கும்."

"யாரோன்னா? இந்த வூட்ல யாரோன்னு ஒருத்தி இருக்காளா?"

அவன் தலை குனிந்து சோற்றைப் பிசைந்தான். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. தனக்கொடி மோர்ச் செம்பை அவன் அருகே நகர்த்தி வைத்தாள். குரல் உயரவேயில்லை.

"பூட்டு எதுக்குன்னு நான் கேக்கல. எலிக்குன்னு கடையில சொன்னியாமே, ஊரே சிரிக்குது. எலிதான, போயிடறேன். நாளைக்கிப் பூசைய முடிச்சிட்டுச் சாயங்காலப் பஸ்ஸுல பூரணாங்குப்பம் போறேன். கஸ்தூரி எத்தினி தபா கூப்ட்டா. இனிமே உனக்குச் சோறும் அந்தப் பொட்டியே வடிக்கட்டும்."

ஆயுத பூசை புலர்ந்தது. தனக்கொடி அரிவாள்மணை, உலக்கை, மண்வெட்டி, களைக்கொட்டு அனைத்தையும் கழுவித் துடைத்துக் கலைமகள் படத்தின் முன்னே வரிசையாகக் கிடத்தினாள். தன் கைத்தாளத்தையும் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். மூலையில் அவளுடைய துணிமூட்டையும் கட்டியபடி இருந்தது. பலராமன் விடியலிலேயே அறைக்குள் சென்று சுருதி சேர்த்து, அடிச்சுரத்தை ஒலிக்கவிட்டு, வெளியே வந்து பூட்டினான். அவள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து அந்தப் பூட்டின் மேலும் ஒரு பொட்டு வைத்தாள்.

"அதுக்கு எதுக்குக்கா?"

"பூட்டும் ஆயுதந்தாண்டா. இந்த மாசம் நம்ம வூட்ல அதிகமா வேல செஞ்சது அதுதான. இன்னிக்கி அதுவும் சும்மா இருக்கணும். ஆனா அத உங்கிட்டச் சொல்ல நான் யாரு?"

அவன் துண்டை எடுத்துக்கொண்டு வெளியேறினான். மோட்டார் கொட்டாயில் இருபுறமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. மோட்டார் நெற்றி நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு, திருமணத்துக்கு அமர்ந்த கிழவரைப் போல் மாலையும் கழுத்துமாக இருந்தது. கண்ணையன் பொரியும் கடலையும் பங்கிட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணி இல்லபா இன்னிக்கி. ஊருல எந்த மோட்டாரும் ஓடாது. வருசம் பூரா நாம அத வாட்டறோம், ஒரு நா அது குந்தட்டும்."

பலராமன் பொரியோடு வீடு திரும்பி, கிணற்றில் நீர் இறைத்துக் குளித்தான். பின்னர் பூட்டைத் திறந்து உள்ளே சென்று கவையைத் தட்டினான். இரண்டு ஒலியும் ஒன்றாகவே நின்றன. வழக்கமாக இறங்கும் நேரம் வந்தது, கடந்தது. தட்டினான், ஒன்றே. நண்பகல் சாய்ந்தது, அப்போதும் ஒன்றே. தனக்கொடி வீட்டில்தான் இருந்தாள்; சுண்டல் தாளிக்கும் மணம் வந்துகொண்டிருந்தது. பெட்டியும் அதேதான், பூட்டும் அதேதான். இன்று இல்லாதது எது?

வயற்புறம் காதைத் திருப்பினான். ஓசையில்லை. மழை பெய்த அன்றும் இந்த ஓசை இல்லை.

அவன் தலையில் யாரோ நீரைக் கொட்டினாற்போல் இருந்தது. ஊருக்கெல்லாம் ஊர்க்கோடியில் இருக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். அங்கே மோட்டார்கள் இழுக்கும்போது இங்கே பெட்டிக்கு வரும் மின்சாரம் மெலிகிறது. மெலிந்தால் சுருதி இறங்குகிறது. மோட்டார்கள் நின்றதும், இறங்கியபோது அவன் ஏற்றி வைத்த சுருதி மேலும் ஏறிவிடுகிறது. எந்த நீரில் தலை நனைத்துக் குளிர்ந்தானோ அந்த நீரேதான் அவன் சுருதியை இறக்கியது. தன் கரண்ட்டைப் பெட்டி குடிப்பதாகக் கண்ணையன் சொன்னார். வழக்கு உண்மைதான், கள்வன்தான் இடம் மாறியிருந்தான்.

அப்படித்தானா? ஐயம் கடைசியாக ஒருமுறை தலை தூக்கியது. இன்று புறப்பட இருப்பவள் இன்று மட்டும் தொடாமல் விட்டிருந்தால்? மெய்ப்பித்துப் பார்த்துவிடலாம். வரப்பில் ஓடினான்.

"அண்ணே, மோட்டார ஒரு நிமிசம் போடுங்கண்ணே. போட்டுட்டு ஒடனே நிறுத்திடலாம்."

கண்ணையன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சந்தனம்கூட இன்னும் காயல. பூசை போட்ட ஆயுதத்துல இன்னிக்கிக் கை வைக்கச் சொல்றியா? சீமையில இன்னா பழக்கமோ, இங்க அது கெடையாது."

"ரொம்ப அவசரம்ணே."

"நாளைக்கிக் காலையில வா. பூசைய எடுத்துட்டு மொதல்ல உனக்காகப் போடறேன். நாள் பூரா ஓடட்டும்."

நாளைக்கு மெய் தெரிந்துவிடும். ஆனால் பஸ் இன்று மாலை. வரப்பின் மேல் நின்று பலராமன் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தான். ஒரு திங்களாக அவன் சான்று தேடினான்; கிடைத்த சான்றெல்லாம் பொய்யாயின. இன்று ஒரு சான்றும் கைக்கு எட்டாத வேளையில் அவளிடம் போய் நிற்க வேண்டும். சான்றோடு போனால் அது கணக்குத் தீர்ப்பது. வெறுங்கையோடு போவதுதான் மன்னிப்புக் கேட்பது. அவன் நடந்தான்.

தனக்கொடி மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். பலராமன் பூட்டைக் கழற்றி, சாவிகளோடு கொண்டுபோய்க் கலைமகள் முன்னே, உலக்கைக்கும் கைத்தாளத்துக்கும் நடுவே வைத்தான்.

"அக்கா, உள்ள வா. அதுக்கும் பொட்டு வை."

"எதையாச்சும் திருப்பிட்டன்னா?"

"திருப்பினா திருப்பு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாடா ஆச்சி உனக்கு?"

"மோட்டாராலதான் எறங்குதுன்னு நெனைக்கிறேன். நெசமான்னு நாளைக்கித்தான் தெரியும்."

"அப்ப நாளைக்கித் தெரிஞ்சிகினு வந்து கூப்புடறதுதான?"

"பஸ்ஸு இன்னிக்கிக்கா" என்றான் பலராமன். "தப்பு எம்மேலதான்."

தனக்கொடி மூட்டையின் முடிச்சிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "எலியக் கூப்ட வந்துட்டாரு தொர" என்று முனகிக்கொண்டே சந்தனக் கிண்ணத்தையும் திருநீற்றுச் சம்புடத்தையும் எடுத்துக்கொண்டு, கைத்தாளத்தைத் தொடாமல் அங்கேயே விட்டு எழுந்தாள்.

அறையில் அடிச்சுரம் தாழ்ந்து, நிலைத்து ஒலித்துக்கொண்டிருந்தது. பலராமன் அதை அணைக்கக் கையை நீட்டி, மீண்டும் இழுத்துக்கொண்டான். இன்று அதிலும் கை வைக்கலாகாது. அவள் பேழையை நெருங்கியபோது அவன் நெஞ்சு பழக்கத்தால் துணுக்குற்றது. வலிந்து கண்களை மூடிக்கொண்டு கைகூப்பினான். அவள் விரல் எங்கே சென்றது என்று பார்க்கவில்லை. சம்புடம் திறக்கும் ஒலி மட்டும் கேட்டது, சந்தனம் மணத்தது.

கண் திறந்தபோது மேல்மரத்தில் திருநீற்றின் மூன்று கீற்றுகளும் நடுவே சந்தனமும் இருந்தன. தனக்கொடி தரையில் அமர்ந்து, அந்த ஒலியைத் தலை சாய்த்துக் கேட்டாள். தம்புராவைக் கேட்பவள் போலக் கேட்டு, அதனோடு தன் குரலைச் சேர்த்து, பிரதோசத்தில் பாடும் பதிகத்தைத் தாளமின்றி, வெறுங்கையோடு பாடத் தொடங்கினாள். குரலுக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு மயிர் நுழையவும் இடமில்லை. பாதிப் பாடலில் சாலையில் பஸ் ஒலியெழுப்பிக்கொண்டு போயிற்று. அவள் எழவில்லை, பாட்டும் நிற்கவில்லை.

பதிகம் முடிந்ததும் தனக்கொடி திருநீற்றை எடுத்துத் தம்பியின் நெற்றியில் பூசினாள். தோள்வரை தொங்கிய முடியை ஒதுக்கிவிட்டு, கட்டைவிரலை அங்கேயே வைத்தபடி சொன்னாள்:

"மழ பேயட்டும். கண்ணையன் மோட்டாரு நல்லா தண்ணி தள்ளட்டும். இந்தப் பொட்டி அழாம பாடட்டும். உன் மனசுல பூட்டில்லாம, நீ நூறு வருசம் நல்லா இருடா."